ஒரே ரோ கோப்பு, நாலு கைவண்ணம்: மலையகத்துப் படக்காரர்களுக்கு டார்க்டேபிள்

இலங்கை மலையகத்தின் லிப்டன் சீட் மலைமுகட்டில் விடியற்காலையில் எடுத்த படத்தைப் படக்காரர் குழுவில் போட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வானம் வெளிறிவிட்டது, தேயிலை கறுத்துவிட்டது, பனி இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். வாயால் சொல்வதை விட்டு அதே படத்தில் ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டுமானால், காசில்லாமல் கிடைக்கும் படத்திருத்த மென்பொருட்களில் டார்க்டேபிளுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கஷ்டம். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போனில் ஓடாது. போனில் ஸ்னாப்சீட் செயலியில் விரலால் தேய்த்துப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சல் நிச்சயம்.

இதன் பெரிய பலம் பக்கக் கோப்பு. கெமரா பதிந்தபடியே இருக்கும் ரோ கோப்பை இந்த மென்பொருள் தொடவே தொடாது. நாம் செய்த திருத்தமெல்லாம், படத்தின் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எம்பி என்ற வாலோடு தனியாக ஒரு சின்னக் கோப்பில் போய் உட்காரும். 24 மெகாபிக்சல் ரோ கோப்பு ஏறத்தாழ 25, 30 மெகாபைட் வரும். அதை ஒருமுறை பென் டிரைவில் கைமாற்றிவிட்டால் பிறகு போய்வருவதெல்லாம் சில கிலோபைட்தான். திருத்தம் ஒரு பகுதிக்கு மட்டும் படும்படி தூரிகையால் நிறைய மாஸ்க் வரைந்திருந்தால் கொஞ்சம் கூடும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் தோட்டத்துக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் வந்த பக்கக் கோப்பை அப்படியே போல்டரில் போடாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் உங்கள் சொந்தத் திருத்தம் எழுதியிருந்த கோப்பு அழிந்துவிடும். முதலில் படங்களை அடுக்கிக் காட்டும் லைட்டேபிள் பக்கத்தில் படத்தைத் தெரிவுசெய்து 'டூப்ளிகேட்' அழுத்துங்கள். ரோ கோப்பு இரண்டாகாது, திருத்தம் மட்டும் இரண்டாகும். பிறகு அந்த நகலைத் தெரிவுசெய்து, 'ஹிஸ்டரி ஸ்டாக்' பெட்டியில் உள்ள 'லோட் சைட்கார் ஃபைல்' வழியாக நண்பரின் கோப்பைக் காட்டுங்கள். வந்த கோப்பு வேறு போல்டரில் இருந்தாலும் பெயர் மாறியிருந்தாலும் இந்த வழியில் பிரச்சினை இல்லை. திருத்தும் பக்கமான டார்க்ரூமுக்குள் போனால் அவர் எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினார் என்பது அப்படியே தெரியும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். பத்து யூடியூப் வீடியோவை விட இது அதிகம் கற்றுத்தரும். அனுப்புகிறவர் முன்னதாக 'கம்ப்ரெஸ் ஹிஸ்டரி' அழுத்திவிட்டால், போட்டு எடுத்த குழப்பமெல்லாம் நீங்கிக் கடைசி நிலை மட்டும் மிஞ்சும்.

இனிப் பனி. மலையகப் படத்தில் எல்லாரும் சறுக்கும் இடம் பனி நீக்கும் 'ஹேஸ் ரிமூவல்' மொடியூல், அதாவது திருத்தக் கருவி. பெயரைப் பார்த்ததும் ஸ்ட்ரெங்க்தைக் கடைசிவரை தள்ளுகிறார்கள். மலையடுக்கு ஒன்றின் பின் ஒன்றாக வெளிறிப்போவதுதான் தூரத்தைக் காட்டுகிறது. அதைத் துடைத்துவிட்டால் ஹப்புத்தளைப் பள்ளத்தாக்கு முழுவதும் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். பக்கத்துத் தேயிலைப் பச்சையும் கண்ணைக் குத்தும், ஏனென்றால் இந்த மொடியூல் நிறச்செறிவையும் சேர்த்தே கூட்டும். ஸ்ட்ரெங்க்த் 0.2 சுற்றிலேயே இருக்கட்டும். 'டிஸ்டன்ஸ்' ஸ்லைடரைக் குறைத்தால் முன்பக்கம் மட்டும் தெளிந்து தூரத்துப் பனி நிற்கும். அதிகம் பேர் இந்த ஸ்லைடரைத் தொடுவதே இல்லை. ஸ்ட்ரெங்க்தைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோனால் பனி கூடும். அப்போது டிஸ்டன்ஸுக்கு வேலை இல்லை.

மூடுபனியும் புகையும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். வரண்ட மாதங்களில் பதுளைப் பக்கம் காய்ந்த புல்வெளி எரிந்த புகை மஞ்சள் கலந்து நிற்கும். அதற்கு இந்த மொடியூலைத் தாராளமாகவே போடலாம். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கிய பிறகு தலவாக்கலையில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி மேல் இறங்கும் மேகத்துக்குப் போட்டால் படமே போச்சு.

வானம், தேயிலை வெளிச்சத் தகராறுக்கு, இருட்டையும் வெளிச்சத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் 'டோன் ஈக்வலைசர்' அருமையான சாமான். முதலில் 'எக்ஸ்போஷரை' ஏற்றித் தேயிலை சரியாகத் தெரியும்படி வையுங்கள். வானம் வெளிறட்டும், பயப்பட வேண்டாம். பிறகு டோன் ஈக்வலைசரில் மாஸ்கிங் பக்கத்துக்குப் போய், மாஸ்க் எக்ஸ்போஷர், மாஸ்க் கொன்ட்ராஸ்ட் இரண்டுக்கும் பக்கத்தில் உள்ள மந்திரக்கோல் பொத்தானை அழுத்துங்கள். இந்த வேலையை விட்டால் படத்தின் எல்லா ஒளியும் ஓரிரு ஸ்லைடருக்குள் நெருக்கியடித்து நிற்கும், எதை அசைத்தாலும் முழுப்படமும் ஆடும். அதன் பிறகு சுட்டியை வானத்தின் மேல் வைத்துச் சக்கரத்தைக் கீழே உருட்டினால் வானம் மட்டும் இறங்கும். மலை விளிம்பிலும் நிழல் மரங்களைச் சுற்றியும் வெள்ளைக் கோடு தெரிந்தால், மாஸ்கிங் பக்கத்திலேயே உள்ள 'ஃபெதரிங்' அளவைக் கூட்டுங்கள். கெமராவிலேயே வெந்துபோன சூரியன் மட்டும் எதற்கும் திரும்பி வராது.

புதியவர்கள் திகைக்கும் இன்னொன்று, கெமராத் திரையில் அளவாக இருந்த படம் இங்கே வெளிச்சமாகத் திறப்பது. ஒளியளவை ஒரு படி குறைத்து, மைனஸ் 1 ஈவியில் எடுத்திருந்தால், வழமையான அமைப்பில் மென்பொருள் அந்தக் குறைவைத் தானே ஈடுசெய்து, அதற்கு மேலும் 0.7 ஈவி சேர்க்கும். எக்ஸ்போஷர் மொடியூலில் கெமரா எக்ஸ்போஷரை ஈடுசெய்யும் டிக்கை எடுத்துவிட்டால் அந்த ஈடு நின்றுவிடும்.

ஒருவரின் திருத்தத்தை வேறு படத்துக்குப் போடும்போது எல்லாவற்றையும் ஒட்டாதீர்கள். கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் அழுத்தினால் எது எது வேண்டும் என்று கேட்கும். க்ரொப்பையும் வரைந்த மாஸ்க்கையும் விட்டுவிடுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வரைந்த மாஸ்க், கிரகரி வாவிப் படத்தில் தண்ணீர் நடுவில் வந்து நிற்கும்.

குறை என்றால் முதலில் வேகம். 8 ஜிபி ரேம் இல்லாத லெப்டொப்பில் 'டிஃப்யூஸ் ஓர் ஷார்ப்பன்' மொடியூலைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம். அதைவிடப் பெரிய தலையிடி பதிப்பு வேறுபாடு. வழக்கமாக வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. புதியதில் செய்த திருத்தத்தைப் பழையது சரியாகப் படிக்காது, படம் வேறு மாதிரித் தெரியும். குழுவில் எல்லாரும் ஒரே நாளில் மாறுவதுதான் வழி. மாறுவதற்கு முன், படப் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் தரவுத்தளத்தை ஒரு நகல் எடுத்து வையுங்கள், புதிய பதிப்பு மாற்றிய தரவுத்தளத்தைப் பழையது திறக்காது.

முடித்த படத்தை ஏற்றுமதி செய்யும்போது நிறச் சுயவிவரம் எஸ்ஆர்ஜிபியாக இருக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் பல போன்களில் பச்சை செத்துக் கிடக்கும். நீளப்பக்கம் 2048 பிக்சல் குழுவுக்குத் தாராளம். மெட்டாடேட்டா அமைப்பில், எடுத்த இடத்தைப் பதியும் ஜியோ டெக் டிக்கை எடுத்துவிடுங்கள், லயத்து முற்றத்தில் நின்று எடுத்த படம் வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். 'டெவலப் ஹிஸ்டரி' டிக் இருக்கட்டும். அது இருந்தால் ஜேபெக்குக்குள்ளேயே திருத்தம் முழுவதும் பொதிந்திருக்கும், ரோ கோப்பு வைத்திருப்பவர் அந்த ஜேபெக்கையே பக்கக் கோப்பாகக் காட்டித் திருத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது உரிந்துபோகும், டொகியுமென்ட்டாக அனுப்புங்கள்.