பில்லில சிர்கோனியா, வாயில வேற சாமான்: கொழும்பில பல்லுக்குக் கிரவுண் போடுறவை கவனம்

வெள்ளவத்தையில, காலி வீதிக்குக் கிட்ட இருக்கிற ஒரு தனியார் பல் கிளினிக்கில கீழ்க் கொடுப்புப் பல்லுக்குக் கிரவுண், அதாவது பல்லை மூடுற உறை, போட்டனான். முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறபடியா பேர் போடேல்லை. றூட் கனால் செய்த பல். சிர்கோனியா (பீங்கான் மாதிரியான கெட்டி வெள்ளைச் சாமான்) எண்டு சொல்லித்தான் விலை பேசினவை, பில்லிலயும் அப்பிடித்தான் அடிச்சிருக்கு. உள்ளுக்கை உலோகம், மேல போர்சலின் எண்டு வாற சாதாரணக் கிரவுணை விட அவை அதுக்குக் கூட எடுத்தவை.

ஒரு வருசம் ஆகேல்லை, புட்டு சாப்பிடேக்கை ஏதோ கறுக்கெண்டு கடிபட்டுது. சிரட்டைத் துண்டாக்கும் எண்டு துப்பினால், வெள்ளைச் சில்லு. கண்ணாடியில பார்த்தன்: உடைஞ்ச இடத்தில சாம்பல் நிறத்தில மினுங்குது. சிர்கோனியா உடைஞ்சாலும் உள்ளுக்கை வெள்ளைதான், அதில உலோகமே இல்லை.

திரும்பப் போனன். “தங்கச்சி, இது சின்ன உடைவு, பொலிஷ் பண்ணி விடுறன்” எண்டார் டொக்டர். என்ன சாமானில செய்தது எண்டு கிரவுண் செய்த லேப் எழுதிக் குடுக்கிற துண்டைக் காட்டச் சொன்னன். கவுண்டரில இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பார்க்குது, டொக்டரைப் பார்க்குது. “லேப்பில கேட்டுச் சொல்லுறம்.” இண்டைவரைக்கும் சொல்லேல்லை. போன் எடுத்தால் டொக்டர் பேஷன்டோட நிக்கிறாராம். எந்த நேரம் எடுத்தாலும் பேஷன்டோடதான்.

வேற டொக்டரிட்டை காட்டினன். கிரவுண் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவில இடைவெளி. புளொஸ் நூலை விட்டுப் பார்த்தார், அதில மாட்டிப் பிஞ்சுபோச்சு. எக்ஸ்ரேயில பார்த்தால் அந்த ஓரத்தால சூத்தை தொடங்கியிட்டுது. நரம்பெடுத்த பல் நோகாது, எனக்கு எப்பிடித் தெரியும்?

கிரவுணை ஒட்டினால் பிறகு பெரும்பாலும் வெட்டித்தான் கழட்டவேணும். அதோட, போர்சலின் கிரவுணுக்குப் பல்லின்ரை கடிக்கிற பக்கத்தை 1.5 தொடக்கம் 2 மில்லிமீற்றர் வரைக்கும் சீவுவினம், சீவினது திரும்ப வளராது. அதால கேட்கிறதெல்லாத்தையும் ஒட்ட முதல் கேளுங்கோ. என்ன சாமான் எண்டு லேப் துண்டில எழுதியிருக்கவேணும், அதின்ரை கொப்பி உங்களுக்கு வேணும். சும்மா வைச்சுப் பார்க்கேக்கையே புளொஸ் விட்டு, எங்க உயரமாப் படுது எண்டு அறிய நிறக் கடதாசி கடிக்க வைச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ. உயரமா இருக்கு எண்டால் “பழகியிடும்” எண்டு சொல்லுவினம், விடாதேங்கோ. கடி சரியா வரும்வரைக்கும் கதிரையை விட்டு எழும்பவேண்டாம்.

போட்ட பிறகும் முரசோரம் வடிவாப் பிரஷ் பண்ணவேணும், புளொஸ் தினமும். கிரவுணுக்குச் சூத்தை வராது, கீழை இருக்கிற பல்லுக்கு வரும். ஐஸ் கட்டி கடிக்கிறது வேண்டாம். நித்திரையில பல்லு நெறுமுறவை நைட் கார்ட், அதாவது படுக்கேக்கை பல்லில மாட்டுற காப்பு, அதைப் பற்றிக் கேளுங்கோ.

முறைப்பாடு டொக்டரைப் பற்றி எண்டால் இலங்கை மருத்துவச் சபைக்கு. கிளினிக்கைப் பற்றி எண்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில உருவான, தனியார் மருத்துவ நிலையங்களைப் பதியிற ஒழுங்குபடுத்தல் சபை இருக்கு. நான் ரெண்டுக்கும் எழுதியிருக்கிறன். பில், எக்ஸ்ரே, உடைஞ்ச சில்லு எல்லாம் கையில இருக்கு. வெட்டிக் கழட்டின கிரவுணை நேர்ஸ் குப்பையில போடப் பார்த்தவ, கேட்டு வாங்கி வைச்சிருக்கிறன். நீங்களும் வாங்குங்கோ, உள்ளுக்கை என்ன சாமான் எண்டு காட்ட அது வேணும்.