வீட்டுக்கு வந்து அலைனர் விற்பவர்களிடம் கவனம்: 68,000 ரூபாய் போய்விட்டது

இன்று காலையில்தான் பாளையங்கோட்டையில் ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் மகளை அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் கண்டதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. 68,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, ஈறுக்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், அலைனர் (பற்களை நகர்த்த ஒன்றன்பின் ஒன்றாக மாட்டும் பிளாஸ்டிக் தட்டுகள்) விற்கும் ஓர் இணையவழி நிறுவனம் என் பிள்ளையின் பற்களை நகர்த்தியிருக்கிறது.

மகளுக்கு 19 வயது. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் மட்டும் சிறுத்திருக்கும், முன்பற்கள் கொஞ்சம் தூக்கல். கம்பி போட அவளுக்குக் கூச்சம். வெளியே தெரியாத அலைனர் என்று கைபேசியில் விளம்பரம் பார்த்து எண்ணைப் பதிந்தாள். உடனே அழைப்பு வந்தது, வீட்டுக்கே ஆளும் வந்தார்.

வந்தவர் நம் பக்கத்துப் பையன், அம்பாசமுத்திரம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி" என்றுதான் உள்ளே வந்தார். பேனா போன்ற ஒரு கேமராவை மகளின் வாய்க்குள் சுற்றினார். சற்று நேரத்தில் மடிக்கணினியில் அவளுடைய பற்களே தெரிந்தன. ஒரு பொத்தானை அழுத்தியதும் அவை ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் போய் நின்றன. என் மனைவி கண் கலங்கிவிட்டாள். "அண்ணாச்சி, என் தங்கச்சிக்கும் இதைத்தான் போட்டிருக்கிறேன். மருத்துவர் குழுவே பார்த்துத்தான் திட்டம் போடும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் 68,000 ரூபாய். வட்டியில்லாத் தவணை என்று சொல்லி, என் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யை வாங்கி அங்கேயே முடித்துவிட்டார்.

தட்டுகள் பெட்டியில் வந்தன. தினமும் 22 மணி நேரம் அணிய வேண்டும், சாப்பிட மட்டும் கழற்றலாம். பிள்ளை ஒழுங்காகத்தான் அணிந்தாள். சில தட்டுகள் மாற்றியதும் அந்தச் சின்னப் பல் ஆடத் தொடங்கியது. பிறகு கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் சேரவே இல்லை. முறுக்கைக் கடிக்க முடியாமல் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றாள்.

வாட்ஸ்ஆப்பில் கேட்டால், "லேசான அசைவு இயல்பு" என்று பதில். அழைத்தால் ஒரு புகார் எண். அடுத்த முறை வேறொருவர் பேசி, வேறு எண் கொடுத்தார். மருத்துவரிடம் பேச வேண்டும் என்றால், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் சார்". கடைசியில், "உங்கள் மகள் சரியாக அணியவில்லை" என்று அவள் மேலேயே பழி போட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தட்டு தயாரித்த பின் பணம் கிடையாது என்ற விதியை அனுப்பினார்கள். அண்ணாச்சி என்று அழைத்த பையன் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

இன்று பார்த்த நிபுணர் முதலில் எடுக்கச் சொன்னது ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும். அந்தச் சின்னப் பல் விழாமல் நின்ற பால்பல். நிரந்தரக் கோரைப்பல் அதற்கு மேலே, எலும்புக்குள் சாய்ந்து கிடக்கிறது. பால்பல்லின் வேர் ஏற்கெனவே பாதி கரைந்திருக்கிறது, அதைத்தான் தட்டு போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். கேமராவுக்கு ஈறுக்கு வெளியே இருப்பது மட்டும்தான் தெரியுமாம். வேரும் எலும்பும் எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. இனி ஈறைத் திறந்து, புதைந்த பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பி போட்டு மெல்ல இழுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகலாம். அவள் எந்தக் கம்பிக்குக் கூசினாளோ அதேதான், அதற்குத் தனிச் செலவு வேறு. அந்த 68,000 ரூபாய்த் தவணையோ இன்னும் மாதாமாதம் என் கணக்கிலிருந்து போகிறது. அது என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். அலைனர் நிறுவனம் முழுப் பணத்தையும் அவர்களிடம் அன்றே வாங்கிவிட்டது. நிறுத்தினால் கடன் மதிப்பெண் விழும் என்கிறது நிதி நிறுவனம்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் பல்லை நகர்த்துகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலைப் பட்டம்) படித்தவர் நேரில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், அவர் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் கடனுக்கான ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இப்படி வீட்டுக்கு வந்து விற்றவர்களிடம் ஏமாந்தவர்கள் நம் ஊரில் இருந்தால் ரசீதையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.