ஒரு லட்சம் லூமென் டார்ச்சும் எங்கள் வரப்பும்

தம்பி மகன் ஆன்லைனில் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டு வந்தான். விலை 1,299 ரூபாய். பெட்டியின் மேல் ‘1,00,000 லூமென்’ என்று பெரிய எழுத்து. லூமென் என்றால் விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அதற்குக் கீழே ‘5 கிலோமீட்டர்’, அவ்வளவு தூரம் அடிக்குமாம். உள்ளே இருக்கும் பேட்டரியில் ‘9,900 எம்ஏஎச்’, அதாவது அது பிடிக்கும் சார்ஜின் அளவு. “பெரியப்பா, ராத்திரி மோட்டார் கொட்டகைக்குப் போறப்ப இத எடுத்துட்டுப் போங்க, பழச தூக்கிப் போடுங்க” என்றான். ஒரத்தநாடு பக்கம் எங்களுக்குத் தென்னையும் நெல்லும். மும்முனை கரண்ட் ராத்திரியில் வரும் நாட்களில் மடை திருப்ப வரப்பில் நடந்தே ஆக வேண்டும். மோட்டார் காயில் கட்டுவது எனக்குத் தொழில் என்பதால் வாட்டும் ஆம்பியரும் பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்கையே முதலில் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமென் தரும். பல்பு அட்டையிலேயே போட்டிருப்பான். ஒரு லட்சம் லூமென் வேண்டுமானால் அப்படி நூற்றுப்பத்துப் பல்புக்கு மேல் எரிய வேண்டும். ஏறக்குறைய 1,000 வாட். இந்த டார்ச்சில் இருப்பதோ 18650 என்ற அளவில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி, 3.7 வோல்ட். அதிலிருந்து 1,000 வாட் எடுக்க 270 ஆம்பியர் ஓட வேண்டும். நல்ல 18650 தாங்குவதே 10 முதல் 30 ஆம்பியர்வரைதான். எப்படியோ ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இந்த அளவு பேட்டரியில் நல்ல கம்பெனிகள் அடைப்பது பெரும்பாலும் 3,500 எம்ஏஎச்வரைதான், அதாவது சுமார் 13 வாட்-அவர் (13 வாட்டை ஒரு மணி நேரம் தரும்). ஒரு நிமிடம் முடிவதற்குள் காலியாகிவிடும்.

பேட்டரியைக் கழற்றி, செம்புக் கம்பி நிறுக்கும் கிராம் தராசில் வைத்தேன். நல்ல 18650 என்றால் பெரும்பாலும் 45 கிராம் அளவுக்கு இருக்கும். இது 29 கிராம் காட்டியது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை நகத்தால் கீறினால் உள்ளே இன்னொரு உறை, அதில் எந்த எழுத்தும் இல்லை. யூஎஸ்பி மீட்டர் வைத்துச் சார்ஜ் ஏற்றியதில் 1,100 எம்ஏஎச்சோடு நின்றுவிட்டது. 9,900 என்று அச்சடித்த கைக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

வெளிச்சத்தையும் பார்த்தேன். அறையைச் சாத்தி, டார்ச்சை மேற்கூரை பார்க்க நிறுத்தி, ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் காட்டும் ஆப்பைப் போனில் திறந்து கட்டிலில் வைத்தேன். அதே இடத்தில் 9 வாட் பல்பையும் மேலே பார்க்க வைத்து ஒப்பிட்டால், டார்ச் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லட்சத்துக்கும் நானூறுக்கும் உள்ள தூரத்தை அறிய இது போதும். சிறிது நேரத்தில் தலைப்பகுதி சுட ஆரம்பித்தது, எண்ணும் இறங்கத் தொடங்கியது. முன்பகுதியை இழுத்து ஜூம் செய்தால் சுவரில் மஞ்சள் ஓரத்தோடு ஒரு சதுரம் விழுகிறது. அது எல்இடி சில்லின் உருவமேதான். அந்தச் சதுரத்துக்கு வெளியே ஒரே இருட்டு.

போலி என்பதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. உண்மையிலேயே ஒரு லட்சம் லூமென் தரும் டார்ச்சும் உலகத்தில் உண்டு. இமாலென்ட் என்ற சீனக் கம்பெனியின் எம்எஸ்18. அதில் 18 எல்இடி, 18650-ஐவிடக் கொஞ்சம் பெரிதான 21700 பேட்டரி எட்டு, சூட்டை வெளியே தள்ள உள்ளேயே ஃபேன், எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு ஏற்பாடு இருந்தும் முழு வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். சூடு ஏறியதும் தானே குறைத்துக்கொள்ளும். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் முடிகிறது. கையில் அடங்கும் அலுமினியக் குழாயால் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்ட முடியும்?

தரமான கம்பெனிகள் அட்டையில் போடும் எண்களையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆன்சி எஃப்எல்1 என்று ஓர் அளவுமுறை இருக்கிறது. சுவிட்சைப் போட்டு 30 வினாடி முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளப்பதுதான் அதில் லூமென். எவ்வளவு நேரம் எரியும் என்ற கணக்கோ, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. முதல் இரண்டு நிமிடம் கொளுத்திவிட்டு, பிறகு மங்கலாக மணிக்கணக்கில் எரியும் டார்ச்சும் இந்த அளவுமுறையில் பெரிய எண்களைக் காட்டிவிடும். அதனால் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்ற வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தூரமும் அப்படித்தான். மோட்டார் இறைக்கும் மொத்தத் தண்ணீர் லூமென் என்றால், ஓஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தும்போது பீய்ச்சுகிறதே, அது கேண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலாதான். பௌர்ணமி நிலவு அளவுக்கு, அதாவது கால் லக்ஸ், வெளிச்சம் எங்குவரை விழுகிறதோ அதுதான் எஃப்எல்1 கணக்கில் தூரம். 5 கிலோமீட்டருக்கு அது விழ வேண்டுமென்றால் 62.5 லட்சம் கேண்டெலா வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நிலா வெளிச்சத்தில் நமக்கு என்ன தெரியப்போகிறது?

எனக்கு வேண்டியது காலுக்கு முன்னால் பத்தடி. வரப்பின் இரண்டு ஓரமும், பக்கத்து வாய்க்கால் சரிவும் ஒருசேரத் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. கட்டு விரியன் ராத்திரியில்தான் இரை தேடும். கண்ணாடி விரியன் காய்ந்த தென்னஞ்சருகின் நிறத்திலேயே கிடக்கும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் பழுப்பு நிறம் எல்லாம் வெளுத்து ஒரே சாம்பலாகத் தெரிகிறது. சருகு எது, உடம்பு எது என்று பிரிக்க முடியவில்லை. இளமஞ்சள் வெளிச்சம், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண்) 90க்கு மேல் இருக்கும் டார்ச்சில் அதே சருகு பழுப்பாகவே தெரிகிறது. லூமெனை விட்டுவிட்டு இந்தக் குணத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பளீர் வெளிச்சம் நம் கண்ணையும் கெடுத்துவிடும். கொட்டகைச் சுவர் சுண்ணாம்பு அடித்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்க டார்ச்சைக் காட்டினால் மூஞ்சியில் திருப்பி அடிக்கிறது. அதன் பிறகு வெளியே இறங்கினால் நாலாபுறமும் கறுப்பு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். மார்கழிப் பனியில் இன்னும் மோசம், ஒளி பனியிலேயே சிதறி வெள்ளைத் திரை கட்டிவிடும். எதிரே சைக்கிளில் வந்தவர், “மாப்ள, லைட்ட கீழ எறக்குடா, கண்ணு தெரியல” என்று கத்தினார். அவருக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சேற்று வயல். அவர் தடுமாறியிருந்தால் யார் பொறுப்பு?

சார்ஜ் ஏற்றும் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். பெயர் தெரியாத லித்தியம் பேட்டரி, நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளுமா என்று உறுதியில்லாத சர்க்யூட். வைக்கோல் கிடக்கும் மாட்டுக்கொட்டகையிலோ, தலைமாட்டிலோ ராத்திரி முழுக்கச் சொருகி வைக்காதீர்கள்.

பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டோம், பணமும் வந்துவிட்டது. வாங்குவதென்றால் 300 முதல் 500 லூமென் போதும். அதைச் சூடேறாமல் நெடுநேரம் விடாமல் தர வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், தண்ணீர் புகாத ரப்பர் வளையம் இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் எரிய வேண்டும். மினுக்கும் மோடுகளைத் தாண்டிப் போக வைக்கக் கூடாது. மண்வெட்டி பிடிக்கிறவர்கள் நெத்தி லைட்டாகவே வாங்கிவிடுங்கள், இரண்டு கையும் வேலைக்கு வரும். கடையில் பெட்டியைப் பிரிக்க விட்டால், பேட்டரியைக் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். 18650 என்று எழுதியிருந்து 40 கிராமுக்குக் கீழே இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.