இன்சுலின்: சிரிஞ்சா, பேனாவா?

டாக்டர் இன்சுலின் எழுதியதும், குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுவதா, பேனா வடிவ ஊசிக் கருவியில் போடுவதா என்று பலருக்கும் குழப்பம் வரும்.

செலவு: குப்பியும் சிரிஞ்சும் மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். பேனாவுக்கு கார்ட்ரிட்ஜ் (உள்ளே போடும் மருந்துக் குழாய்), ஊசி என்று மாதாமாதம் கூடுதல் செலவு.

அளவு: இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். நம்மூர்க் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை அதில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய், சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். பேனாவில் திருகத் திருக எண் தெரியும், 'டிக் டிக்' சத்தமும் கேட்கும். அழுத்தியபின் பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள்.

வலி: 4 மில்லிமீட்டர் பேனா ஊசி அவ்வளவாக வலிக்காது.

பார்வை மங்கியவர், அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் பேனா. வீட்டில் போட்டுவிட ஆள் இருந்து, செலவும் கையைக் கடித்தால் சிரிஞ்சே போதும். எதுவானாலும் முதல் தடவை நர்ஸ் முன்னால் போட்டுக் காட்டிவிடுங்கள்.