பத்தா, பதினொன்றா, மின்ட்டா: ஒரு குடும்பத்தின் மூன்று கம்ப்யூட்டர்கள்

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் போன் எனக்குத்தான் வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து ஒரே கேள்வி மூன்று இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் மாமா, அம்பத்தூரில் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதும் அக்கா, வீட்டில் அப்பா. "விண்டோஸ் பதினொன்றுக்கு மாறணுமா, வேண்டாமா?" மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். "ஆளுக்கு ஒரு மருந்து எழுதறியே, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுடா" என்றார் மாமா.

தெரியாமல் இல்லை. எந்த விண்டோஸ் நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் போய் என்னென்ன வயர் செருகியிருக்கிறது என்று பார்த்தால் வரும். பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், உள்ளே கிடக்கும் பழைய ஃபான்ட்டுகள், இவைதான் முடிவைச் சொல்லும்.

முதலில் பயம் தெளிய வேண்டும். ஆதரவு முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 என்று கெடு முடிந்த பிறகும் எத்தனையோ கடைகளில் அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. நிற்பது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலை. அதற்கப்புறம் மெதுவாகக் கழுத்து நெரியும். விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசிப் பதிப்பு. 2023-இல் அந்தக் கதவும் மூடியது. பிரவுசர் பழசானால் ஒவ்வொரு தளமாக முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். விண்டோஸ் 10 இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதிலுள்ள டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்புக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பூட்டுக்குக் காவல் போடுவதுதான். உடைந்த தாழ்ப்பாளை அது சரிசெய்யாது.

சரி, பத்திலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்று 2026 அக்டோபர் 13 வரை வீட்டு உபயோகக்காரர்களுக்குத் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் வெகுமதிப் புள்ளிகளில் 1,000 கொடுக்கலாம், அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் பேக்கப்பில் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டு இலவசமாகவே வாங்கலாம். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். ஒரு உரிமத்தை ஒரே கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டுக்கு ஒரு வருஷம் கூடுதலாக அக்ரிமென்ட் போட்டுக்கொள்கிற மாதிரிதான் இது. வீடு பார்க்கிற வேலை தள்ளிப்போகிறதே தவிர, தீரவில்லை.

இப்போது பதினொன்று. மேம்படுத்தக் காசு கிடையாது. ஆனால் வாசலில் செக்யூரிட்டி கெடுபிடி அதிகம்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், தொடங்கும்போதே சோதனை போடும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பிராசசர் இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசைக்கு மேல். இதில் 4 ஜிபி என்பது காகிதத்தில் மட்டும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் பதினொன்றைப் போட்டால், பீக் அவரில் கத்திப்பாரா மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அக்காவின் கம்ப்யூட்டர் 2019-இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது, ஒன்பதாம் தலைமுறை ஐ3. தகுதி பார்க்கும் செயலியை ஓட்டினால் "இந்தக் கம்ப்யூட்டர் தகுதியற்றது" என்று வந்தது. அக்கா அன்றைக்கே புதுசு வாங்கக் கிளம்பிவிட்டாள். நான் நிறுத்தினேன். இது அசெம்பிள் செய்த பெட்டிகளில் அடிக்கடி நடக்கிற விஷயம். டிபிஎம் வசதி உள்ளே இருக்கும். விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் அமைப்பில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கினாலே பாதி தீர்ந்தது. மீதிப் பாதி, ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருப்பது. அதை ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஃபைல்கள் அழியாமல் மாற்றும். இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிஷமாவது தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் அம்பத்தூர் கரண்ட்டை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

நாள் குறிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்: 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. "தம்பி, இருபது தாண்டுற வரைக்கும் நீ இந்தப் பெட்டிப் பக்கமே வரக் கூடாது" என்றாள். அவள் சொன்னது வேறொரு கணக்குக்கும் ஒத்துவந்தது. மேம்படுத்திய பிறகு பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக வழி இருக்கிறது. 21-ஆம் தேதி மாற்றினால், மாதக் கடைசிக்குள் கணக்கு எழுதும் டேலி ஓடுகிறதா, டோக்கன் கையெழுத்து போடுகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். டோக்கன் மட்டும் முதல் நாள் முறைத்தது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டதும் வழிக்கு வந்தது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்துவிட்டது என்று புகார் சொன்னாள், இடப்பக்கம் தள்ளிக் கொடுத்தேன். டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைத்துப் பழகியவர்கள்தான் பாவம், அந்த வசதியைப் பதினொன்று வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

பதினொன்றில் எனக்குப் பிடிக்காதது வேறு. ஹோம் பதிப்பை நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வேளச்சேரியில் ஒரு நண்பர் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதினொன்று போடச் சொன்னார். கடைப் பையன் தன்னுடைய சொந்தக் கணக்கைப் போட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான். பதினொன்றின் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, அதன் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நண்பருக்கு இது தெரியாது. சில மாதம் கழித்து போர்டில் ஒரு ரிப்பேர் பார்த்ததும் நீலத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்டது. பையன் கடையை விட்டு நின்றுவிட்டான். மகளின் அரங்கேற்றப் போட்டோக்கள் இன்னும் அந்த டிஸ்க்கில்தான் பத்திரமாக இருக்கின்றன, யாராலும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக. கடையில் கொடுப்பதாக இருந்தால், உங்கள் மின்னஞ்சலை உங்கள் கையாலேயே போடுங்கள். அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

தகுதியில்லாத கம்ப்யூட்டரில் குறுக்கு வழியாகப் பதினொன்றைப் போடுகிறவர்களும் உண்டு. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரித்தால் சோதனைகளைத் தாண்டிவிடலாம். போட்டுப் பார்த்திருக்கிறேன், ஓடுகிறது. ஆனால் இந்தப் பெட்டிகளுக்கு அப்டேட் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது. வருஷாவருஷம் வரும் புதுப் பதிப்பு தானாக வராது, நாமே உட்கார்ந்து போட வேண்டும். கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகளில் 24எச்2 ஏறவே ஏறாது. பொழுதுபோக்குக்குச் செய்யலாம். பிழைப்பு நடக்கிற பெட்டியில் வேண்டாம்.

அப்பாவின் கதை சுலபம். பத்து வருஷத்துக்கு மேலான லேப்டாப், 4 ஜிபி ரேம். யூடியூபில் பழைய பாட்டு, செய்தி, மின்கட்டணம், பேத்தியோடு வீடியோ கால். பின்னால் சார்ஜர் வயர் தவிர எதுவும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன். இது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. லினக்ஸின் பெரிய சௌகரியம், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். தி.நகர் கடையில் புடவையை மேலே போட்டுக் கண்ணாடியில் பார்ப்பது போல. ஒரு வாரம் அப்படி ஓட்டியதில் வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் சரியாக இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினேன். அந்தச் செலவுதான் எல்லாவற்றையும் விட உருப்படியான செலவு. தமிழ் தட்டச்சுக்கு எம்17என் சேர்த்தால் தமிழ்99, போனெடிக், டைப்ரைட்டர் என்று எல்லா விசைப்பலகையும் கிடைக்கிறது. லதா ஃபான்ட்டில் செய்த ஆவணங்களைத் திறந்தால் எழுத்து வேறு ஃபான்ட்டில் விழுந்து வரி கொஞ்சம் மாறும்; படிப்பதற்குச் சிக்கல் இல்லை.

லினக்ஸ் என்றாலே நம் ஊரில் ஒரு சலிப்பு இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் சிலவற்றில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைய மின்ட் அந்த நாளைய அனுபவத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு இதைச் சொல்ல மாட்டேன். டேலி விண்டோஸுக்காகவே செய்தது. கையெழுத்து டோக்கனை லினக்ஸில் பேச வைக்கலாம், இருபதாம் தேதி இரவில் அந்தப் பேச்சுவார்த்தை யாருக்கும் வேண்டாம்.

மாமாவுக்கு இந்த மூன்றில் எதுவுமே முழுசாகப் பொருந்தவில்லை. நான்காம் தலைமுறை ஐ5, பதினொன்றுக்குத் தகுதியே கிடையாது. உள்ளே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. அது 2001-இல் வந்த பதிப்பு, அதற்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. இன்றைக்கு எல்லா இடத்திலும் தமிழ் எழுத்துக்குப் பயன்படும் யூனிகோடு குறியீடு அதற்குத் தெரியாது. அதனால் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் காதுகுத்துப் பத்திரிகைகளும் பழைய குறியீட்டு ஃபான்ட்டுகளில் கிடக்கின்றன. அந்த ஃபான்ட்டுகளில் தட்டச்சுச் செய்ய அவர் நம்பியிருக்கும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கு மட்டும்தான். ஃபான்ட் ஃபைலை மின்ட்டில் போட்டால் எழுத்து தெரியும், வேலை நடக்காது. போதாததற்கு, சின்னக் கடைகளில் பார்க்கும் பழைய லேசர் பிரிண்டர்களில் சிலவற்றை லினக்ஸில் ஓட்டுவது பெரிய போராட்டம். அந்த வகையில் ஒன்றுதான் மாமாவின் கடையில்.

"இன்டர்நெட்டைப் பிடுங்கிட்டா போச்சு" என்றார். யோசனை தப்பில்லை. ஆனால் டிடிபி கடைக்கு வைரஸ் வருவது பெரும்பாலும் பென்டிரைவில்தான். வாடிக்கையாளர் பத்துப் பேரில் பாதிப் பேர் அதோடுதான் வருகிறார்கள். அதனால் இப்படிப் பிரித்தோம்: பேஜ்மேக்கர் பெட்டிக்கு அவர் பெயரிலேயே கணக்கு தொடங்கி நீட்டிப்பை இலவசமாக வாங்கினோம் (பாஸ்வேர்டை ஆர்டர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்). நீட்டிப்பு முடிகிற அன்றைக்கு அந்தப் பெட்டி இணையத்தை விட்டு விலகும். வாட்ஸ்அப், மெயில், வாடிக்கையாளரின் பென்டிரைவ் எல்லாவற்றுக்கும் இரண்டாவதாக ஒரு பெட்டி, அதில் பதினொன்று.

அந்த இரண்டாவதுக்குப் புதுசு வேண்டியதில்லை. ஐடி கம்பெனிகளிலிருந்து லீஸ் முடிந்து வரும் லேப்டாப்கள் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஐ5 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மட்டும் மயங்கக் கூடாது; கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, பதினொன்று ஏறும். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, நேர்வழியில் ஏறாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும், பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. பேட்டரியைச் சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

கெடு முடியும் 2026 அக்டோபர் 13 புரட்டாசிக்குள் வருகிறது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, மாமா கடையில் ஈ ஓட்டுவார். மாற்றுவதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது என்றேன். அவர் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆடியிலும்தான் முகூர்த்தம் இல்லை. அப்பவே வாங்கிடலாம். ரிச்சி தெருவுல ஆடித் தள்ளுபடி உண்டான்னு மட்டும் விசாரிச்சு வை" என்றார்.