விளம்பரம் வந்தாத்தான் தோசை

ரொம்ப நாளா எழுதோணும் எழுதோணும்னு நெனச்சுட்டு இருந்த கடைங்க இது. திருப்பூர் பி.என். ரோட்டுல இருந்து ஒரு சந்துக்குள்ள போகோணும், போர்டு கெடையாது, மேப்புல தேடுனாலும் வராது, முக்குல நிக்கற ஆட்டோக்காரர்கிட்ட கேட்டா "சீரியல் ஓடுமே, அந்தக் கடையா"ன்னு கைய காட்டுவாரு. ராத்திரி டிபன் மட்டுந்தான். பொழுதோட ஆறரைக்கு கல்லு போட்டா பத்தரை வரைக்கும் ஓடும். நாலு பெஞ்சு, செவத்துல ஒரு அட்டாலி, அட்டாலி மேல டிவி. அந்த டிவிய பத்தி சொல்லாம இந்த கடைய பத்தி சொல்லவே முடியாது, அதான் இம்புட்டு பெருசா எழுதறேன்.

மொதல்ல சாப்பாடு. இட்லி சுமார்தான், அத விட்ருங்க. தோசையும் கொள்ளு சட்னியும் தான் இங்க மேட்டர், கொள்ள வறுத்து பூண்டு வரமொளகா வச்சு கெட்டியா அரைச்சு தருவாங்க, எங்க அம்மிச்சி கோபியில அரைக்கறதுக்கு பக்கத்துல வருது, அதுக்கு மேல நான் பாராட்ட மாட்டேன். முட்டை கலக்கி 15 ரூபா, ஒரு கரண்டி கொழம்பு ஊத்தி அரைவேக்காட்டுலயே எடுத்துருவாங்க, கரெக்டா ஆடிட்டே வரும். சனிக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். மசாலாப்பொடி எதும் இல்லாம வரமொளகா, சின்ன வெங்காயம், தேங்கா சில்லு போட்டு செய்யறாங்களே, அந்த ஒரிஜினல் வகை. சம்பள நாளுங்கறதால எட்டரைக்கே தீந்துரும்.

இப்ப மெயின் பிரச்சனைக்கு வர்றேன். எதிர்நீச்சல் சீரியல் ஒம்போதரைக்கு போட்டுட்டு இருந்தப்ப தான் நான் மொதல்ல போனேன், 2022 கடைசி இருக்கும். பனியன் கம்பெனியில ஒன்னரை சிப்டு முடிஞ்சு ஒம்போது மணிக்கு வெளிய வந்து, பசியில நேரா அங்க போயி ஒக்காந்து ரெண்டு தோசைன்னு சொன்னேன். கல்லுகிட்ட நின்ன கடைக்கார அக்கா தலைய ஆட்டுச்சு. அப்படியே கரண்டிய கையில புடிச்சுட்டு டிவிய பாத்துட்டு நின்னுருச்சு. கல்லு காயுது, மாவு இருக்குது, பத்து பேரு வட்டல முன்னாடி வச்சுட்டு ஒக்காந்திருக்கறான், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். நான் "ஏனுங்க்கா தோசை"ன்னேன். பக்கத்துல இருந்த பெரியவரு, அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறையில வேலையாம், "விளம்பரம் வரட்டும் தம்பி"ன்னாரு. அதே மாதிரி விளம்பரம் வந்துச்சு, வந்ததும் பாருங்க, கல்லுல ஒரே நேரத்துல மூணு தோசை, ரெண்டு கலக்கி, அடுத்த ஈடு மூணு, அந்த ரெண்டு மூணு நிமிசத்துல ஒரு பெரிய ஓட்டல்ல நாலு மாஸ்டர் செய்யற வேலைய ஒத்தை ஆளா செஞ்சு போட்டுட்டு மறுபடி கரண்டியோட டிவிக்கு திரும்பிருச்சு. சர்வீஸ்னு மார்க் போட்டா அதுக்கு மைனஸ்ல தான் போடோணும். ஆனா நான் அடுத்த நாளும் போனேன்.

சீரியல் கத ஒங்களுக்கு தெரிஞ்சிருக்கும். மதுரைப் பக்கம் ஒரு பெரிய வீடு, அண்ணன் ஆதி குணசேகரன் வச்சது தான் சட்டம், படிச்ச மருமகளுகள எல்லாம் அடுப்படிக்குள்ள பூட்டி வச்சிருக்கறான், அப்பத்தா பேருல இருக்கற 40 பர்சன்ட் சொத்துக்கு அடிச்சுக்கறாங்க. இத அந்த கடையில பாத்தா தான் தெரியும் என்ன ரவுசுன்னு. ரூம்ல நாலு பேரு அஞ்சு பேரா தங்கியிருக்கற ஆளுக, தேனிக்காரன், திண்டுக்கல்காரன், ஓவர்லாக் டைலரு, செக்கிங் பொண்ணுக, யாரு ரூம்லயும் டிவி கெடையாது, போன்ல தனியா பாக்கறதுக்கு டேட்டா இருக்குது ஆனா தனியா பாத்தா யாரத் திட்டறது? இங்க குணசேகரன் வாயத் தொறந்தா போதும், செக்கிங் அக்காக்க ரெண்டு பேரு சாபம் விட ஆரம்பிச்சுருவாங்க, பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் "எங்க பெரியப்பன் அச்சா இதே மாதிரி தான்"ன்னு சொல்லுவான். ஒடிசா பையன் ஒருத்தன் தமிழ் ஒரு வார்த்த தெரியாம வந்தவன், "இந்தாம்மா ஏய்"ங்கறத மட்டும் குணசேகரனா நடிச்ச மாரிமுத்து மாதிரியே கத்துக்கிட்டு தோசை கேக்கறதுக்கே அதத்தான் சொல்லுவான். அக்காவுக்கு கோவம் வராது, சிரிச்சுட்டு ஒரு தோசைய பெருசா ஊத்தும்.

சீரியல் பாக்கறவங்கள ஏளனமா பேசற கோஷ்டி ஒன்னு இருக்குது, நானும் அதுல இருந்தவன் தான். எங்க வீட்டுல மெட்டி ஒலி ஓடுன காலத்துல அம்மிச்சி சரோவுக்காக அழுதப்ப நக்கல் பண்ணிருக்கேன். இந்த அக்காகிட்ட பழமை பேசுனப்ப தான் வேற மாதிரி பட்டுச்சு. அது வருசத்தையே சீரியல வச்சுத்தான் சொல்லுது. மூத்தவன் எப்ப பொறந்தான்னா "மெட்டி ஒலி ஓடறப்ப"ங்குது, அது 2002ல இருந்து 2005 வரைக்கும் ஓடுச்சு, அப்படின்னா இப்ப பையனுக்கு இருவது தாண்டிருக்கோணும்னு நாம தான் கணக்கு போட்டுக்கோணும். பனியன் கம்பெனியில கைமடியா, அதாவது டைலருக்கு ஒத்தாசை ஆளா சேந்து பவர் டேபிள் டைலரா ஆனது கோலங்கள் காலத்துல. கோலங்கள் 2003ல ஆரம்பிச்சு 2009 டிசம்பர்ல முடிஞ்சுது, 1500 எபிசோடுக்கு மேல. அது முடிஞ்ச அடுத்த வாரம் அக்கா கம்பெனிய விட்டு நின்னு இந்த கல்ல வாங்கி போட்டுச்சாம். ஏன்னு கேட்டேன். கோலங்கள் ஹீரோயின் பேர இழுத்து, "அபி கம்பெனியே நடத்தறா, நான் ஒரு கல்லு வைக்க மாட்டனா"ன்னு சொல்லிட்டு சட்னி வாளிய எடுத்துட்டு போயிருச்சு. கோலங்கள் எடுத்த திருச்செல்வம் தான் எதிர்நீச்சலும் எடுத்தாருன்னும், கோலங்கள்ல தொல்காப்பியனா நடிச்சதும் அவரே தான்னும் எனக்கு சொன்னதே அக்கா தான்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கெழமை. காத்தால கம்பெனியில இருக்கறப்பவே தெரிஞ்சு போச்சு, மாரிமுத்து சென்னையில டப்பிங் பேசிட்டு இருக்கறப்பவே நெஞ்சு வலி வந்து போயிட்டாருன்னு. அவரு சீரியல்ல நெஞ்சு வலிய பத்தி பேசற சீன் ஒன்னு அன்னைக்கு எல்லாரு ஸ்டேட்டஸ்லயும் ஓடுச்சு. ராத்திரி கடைக்கு போறேன், டிவி ஆஃப். ஒம்போதரை ஆகுது, யாரும் போடுன்னு சொல்லல. அக்கா வந்த ஆர்டருக்கு வரிசையா ஊத்திட்டே இருந்துச்சு. ஜெயிலர் படத்துல அவர பாத்து ஒரு மாசங்கூட ஆகலைங்கறான் ஒருத்தன். தேனிக்கார பையன், அவரு ஊரு பசுமலைத்தேரி தங்களுக்கு பக்கம்னு எப்பவும் பெருமையா சொல்லிட்டு திரியறவன், அன்னைக்கு தண்ணிய மட்டும் குடிச்சுட்டு காசு வச்சுட்டு போனான். இத்தன நாள்ல அன்னைக்குத்தான் தோசை கேட்ட ஒடனே சுடச்சுட வந்துச்சு. ஒருத்தருக்கும் எறங்கல.

அப்பறம் வேல ராமமூர்த்தி அந்த கேரக்டருக்கு வந்தாரு. நல்ல நடிகர் தான், கொறை சொல்ல முடியாது, ஆனா கடையில யாரும் வாய் விட்டு திட்டல. திட்டறதுக்கும் ஒரு பாசம் வேணும் போல. 2024 ஜூன்ல சீரியல் முடிஞ்சப்ப ஒரு ஆறு மாசம் கடை சாதாரண கடை மாதிரி நடந்துச்சு, சர்வீஸ் பிரமாதம், கூட்டம் தான் கொறைச்சல். டிசம்பர்ல எதிர்நீச்சல் தொடர்கிறதுன்னு மறுபடி ஆரம்பிச்சாங்க, மருமக ஜனனியா இப்ப வேற பொண்ணு, பார்வதி. அக்கா மொத ரெண்டு வாரம் மூஞ்ச தூக்கி வச்சுட்டு பாத்துச்சு, இப்ப பழகிருச்சு. கல்லும் பழையபடி காஞ்சுட்டு கெடக்குது.

கொறை சொல்லோணும்னா, கை கழுவற எடம் ஒரே வழுக்கல், ஒரு கல்லு பதிச்சா தேவல. பார்சல் கட்டறதுல கஞ்சத்தனம், சட்னி பத்தாது. வண்டி நிறுத்த எடமில்ல, ரோட்டு மேலயே விட்டுட்டு நடந்து வாங்க. இன்னொன்னு, காசு விழுந்தா சத்தமா சொல்லுமே அந்த ஸ்பீக்கர் பெட்டி, அத சீரியல் நேரத்துல அக்கா ஆஃப் பண்ணிரும், டயலாக் கேக்க மாட்டேங்குதாம். பணம் வந்துச்சா இல்லையாங்கற சந்தேகம் சீரியல் முடிஞ்சதுக்கு அப்பறந்தான் வரும், அதனால போன்ல அந்த பக்கத்த மூடாம வச்சுட்டே ஒக்காருங்க. பசியோட போறவங்க ஒம்போது இருவதுக்குள்ள ஆர்டர் சொல்லிருங்க. அதுக்கு அப்பறம் போனீங்கன்னா ஓரமா எடம் கெடைக்கும், சீரியல்ல யாரு யாருங்கறத பாத்திரப் பட்டறை பெரியவரு சொல்லிக் குடுப்பாரு.