மலையில் கூடாரம், மூக்கில் சிபேப்: எந்த பேட்டரி விடியும் வரை தாங்கும்?

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கரன்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்துவிடுவோம். எனக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற ஸ்லீப் அப்னியா இருக்கிறது, இனிமேல் இரவில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபேப் மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மற்ற ஐந்து பேரும் முதலில் கேட்டது, "அப்ப இனிமே டென்ட்டுக்கு வரமாட்டியா?" என்பதுதான். என் குறட்டையிலிருந்து தப்பித்தோம் என்கிற சந்தோஷமும் அந்தக் கேள்விக்குள் கொஞ்சம் இருந்தது.

இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கார் சாக்கெட், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் பிளக் சாக்கெட்டுகளும் ஒன்றாக உள்ள பெட்டி), தனி லித்தியம் பேட்டரி, சோலார் பேனல் என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது மலைக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தாயிற்று. எது மேல் என்று சொல்வதற்கு முன் ஒன்று. எந்த பேட்டரி என்பது இரண்டாவது கேள்வி. மெஷின் எவ்வளவு தின்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், தேவைக்கு நாலு மடங்கு பெரிய பேட்டரியோடு திரும்பி வருவீர்கள். நான் அப்படித்தான் வந்தேன்.

பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகுகிற சின்ன பவர் மீட்டர் ஒன்று வாங்கினேன். என்னுடைய மெஷின் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, காற்றழுத்த அளவு (பிரஷர்) 11. முதல் ராத்திரி வழக்கம்போல் ஓட விட்டேன். தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர், சூடேறும் குழாய் இரண்டும் ஆன். ஏழு மணி நேரத்தில் 0.24 யூனிட். மறுநாள் இரண்டையும் அணைத்துவிட்டு அதே ஏழு மணி நேரம் தூங்கினேன். 0.06 யூனிட். மீட்டர் ரிப்பேரோ என்று மூன்றாம் நாளும் பார்த்தேன், அதே கணக்குதான். காற்றை அழுத்தி மூக்குக்குள் அனுப்புகிற வேலைக்கு ஒரு எல்இடி பல்பு அளவு கரன்ட் போதும். மீதி முக்கால்வாசி, ராத்திரி முழுக்க வெந்நீர் போட்ட செலவு.

ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-ஹவர். ஆக, ஹீட்டரோடு ஓர் இரவுக்கு 240 வாட்-ஹவர், ஹீட்டர் இல்லாமல் 60. கீழே வருகிற எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான். உங்கள் பிரஷர் அதிகமாக இருந்தால், அல்லது மாஸ்க்கில் காற்று ஒழுகினால், கொஞ்சம் கூடும்.

ஹீட்டர் இல்லாமல் மூக்கு காய்ந்து போகாதா என்றால், காயும். இருந்தாலும் மலைக் குளிரில் ஹீட்டர் போடுவதிலும் ஒரு தொல்லை உண்டு. மார்கழியில் மன்னவனூர் பக்கம் தங்கியபோது, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று குழாயின் சூட்டை மட்டும் அணைத்துவிட்டு ஹியூமிடிஃபையரை ஓட விட்டேன். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த குழாய்க்குள் போய்த் தண்ணீராகக் கோத்துக்கொண்டு, குடுகுடுவென்று ஹூக்கா மாதிரி சத்தம். புரண்டு படுத்தால் மூஞ்சியில் தெளிப்பு. இப்போதெல்லாம் தொட்டியில் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுச் சூட்டை அணைத்துவிடுகிறேன். காற்று தண்ணீர்ப் பரப்பைத் தடவிக்கொண்டு போவதில் கொஞ்சம் ஈரம் வந்துவிடும், கரன்ட் செலவே இல்லை. படுக்கும் முன் மூக்குக்கு இரண்டு சொட்டு உப்புநீர் டிராப்ஸ். இரண்டு மூன்று ராத்திரிக்கு இது தாராளம்.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அடாப்டரைத் திருப்பி, அவுட்புட் என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். ஏர்சென்ஸ் 10க்கு 24 வோல்ட் வேண்டும். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷனுக்கு 12 வோல்ட். கார், பேட்டரி, பவர் ஸ்டேஷன் எல்லாமே 12 வோல்ட் தருபவை என்பதால் ட்ரீம்ஸ்டேஷன்காரர்களுக்கு அதற்கென்று விற்கிற கேபிள் ஒன்று போதும். என் போன்றவர்களுக்கு 12-ஐ 24 ஆக்குகிற கன்வெர்ட்டர் தேவை. மெஷின் கம்பெனியே விற்கிறது, விலை கொஞ்சம் எரிச்சலூட்டும். ஆனாலும் மொத்தச் செலவில் இதைவிட உருப்படியாக நான் எதையும் வாங்கவில்லை. காரணம் பவர் ஸ்டேஷன் கதையில் வரும்.

முதலில் கார். எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை இதுதான். சின்னக் காரின் பேட்டரி 35, 40 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், வோல்ட்டால் பெருக்கினால் வாட்-ஹவர்) இருக்கும். ஹீட்டர் இல்லாமல் ஓர் இரவுக்குப் போவது 5 ஏஎச் சொச்சம். கணக்கில் பிரச்சினையே இல்லை. நடப்பில் பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் செத்துவிடும். உயிரோடு இருக்கிற காராக இருந்தாலும், கார் பேட்டரி என்பது இன்ஜினை ஒரு விநாடி உதைத்து எழுப்புவதற்குச் செய்தது. மெதுவாக ஆழமாக இறக்கினால் ஆயுள் குறையும். முதல் பயணத்தில் ஹீட்டரோடு ஓட்டினேன். கிட்டத்தட்ட 20 ஏஎச், பாதி பேட்டரி காலி. காலையில் குளிரில் செல்ஃப் 'டிக்' என்றதோடு சரி. பக்கத்துக் கூடாரத்து ஜீப்காரர் ஜம்பர் கேபிளோடு வந்து எழுப்பிவிட்டார். அதோடு, கேபிள் கூடாரத்துக்கு வர கார் ஜன்னலை விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். மழை வரும், அதன் வழியாக அட்டைப்பூச்சியும் வரும். ஒரே ஒரு ராத்திரி, ஹீட்டர் இல்லை, மறுநாள் வண்டி ஓடப் போகிறது என்றால் கார் போதும். இரண்டாவது ராத்திரிக்கு நம்பாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரைக் கழற்றிப் போகிற யோசனை நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. எடை ஐம்பது கிலோவுக்கு மேல், உள்ளே ஆசிட். மலை ஜீப் குலுக்கலில் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே போன பயணம் ஒன்று எனக்கு உண்டு, இயற்கையை ஒன்றும் ரசிக்கவில்லை. அந்த இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே எடுக்கிற கரன்ட், என் மெஷின் எடுப்பதைவிட அதிகம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மெஷின் அடாப்டர் சூடாகி முனகும். வேனிலேயே போய் வேனிலேயே தூங்குகிறவர்களுக்கு இது சரிப்படலாம்.

அப்புறம், இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற பவர் ஸ்டேஷன். ஈகோஃப்ளோ ரிவர் 2 போன்ற சின்ன ரகத்தில் 256 வாட்-ஹவர், எடை மூன்றரை கிலோ. கைப்பிடி, டிஸ்பிளே, செல்போன் சார்ஜ் என்று எல்லாம் இருக்கும். விளம்பரத்தில் சிபேப் ஓடும் என்று போட்டிருப்பார்கள், ஓடவும் ஓடும். ஆனால் எந்த ஓட்டையில் செருகுகிறீர்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது.

வழக்கமான 230 வோல்ட் பிளக்கில் செருகினால், உள்ளே இருக்கும் 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ 230 ஆகி, மெஷின் அடாப்டருக்குப் போய் மறுபடி 24 ஆகும். ஏறி இறங்குவதில் நஷ்டம். உள்ளேயிருக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு எட்டு, பத்து வாட் தின்னும். மெஷினே ஒன்பது வாட்தான் எடுக்கிறது என்றால், முதலாளி சாப்பாட்டுக்குச் சமமாக வேலைக்காரனும் சாப்பிடுகிற கதை. எனக்கு அப்படி ஓட்டியதில் ஓர் இரவுக்கு 130 வாட்-ஹவர் காலி. அதே பெட்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் கன்வெர்ட்டரைச் செருகியபோது 70. ஒரே பேட்டரி, ஒரே மெஷின். ஒரு வழியில் இரண்டு ராத்திரிக்கு இழுபறி, இன்னொரு வழியில் மூன்று ராத்திரி நிம்மதி. இதனால்தான் கன்வெர்ட்டர் விலையைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்படி எல்லாம் சரி செய்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு போன பயணத்தில்தான் அந்தக் கூத்து. ராத்திரி ஒரு மணி இருக்கும். மாஸ்க்குக்குள் மூச்சு அடைத்து விழிப்பு வந்துவிட்டது. மெஷின் செத்துக் கிடக்கிறது, பவர் ஸ்டேஷன் டிஸ்பிளேயைத் தட்டினால் 78 சதவீதம் என்கிறது. காலையில் மேனுவலைப் படித்தபோது புரிந்தது. லோடு ரொம்பக் குறைவாக இருந்தால், யாரும் எதையும் பயன்படுத்தவில்லை என்று முடிவு செய்து அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நான் அவ்வளவு சிக்கனமாக ஓட்டியிருக்கிறேன்! செட்டிங்கில் அந்த ஆட்டோ ஆஃபை எடுத்துவிட்டால் தீர்ந்தது. சில மாடல்களில் எடுக்கவே முடியாது. வாங்கும் முன் இதை ஒன்றைக் கேட்டுவிடுங்கள், கடைக்காரர் விழித்தால் மேனுவலை வாங்கிப் பாருங்கள். கரன்ட் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முழு முக மாஸ்க்கில் வெளிக்காற்று உள்ளே வர ஒரு வால்வு உண்டு, மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது.

இதற்கு நேர் போட்டி, தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. சோலார் கடைகளில் 12.8 வோல்ட், 30 ஏஎச் என்று கிடைக்கும். பெருக்கினால் 384 வாட்-ஹவர், எடை நாலு கிலோவை ஒட்டி. பவர் ஸ்டேஷனில் மூன்று ராத்திரி வருகிற இடத்தில் இதில் ஐந்து. தானாக அணைகிற புத்திசாலித்தனமெல்லாம் கிடையாது. அழகும் கிடையாது. சாக்கெட், ஃபியூஸ், சார்ஜர் எல்லாம் நாமே சேர்க்க வேண்டும், ஃபியூஸ் போடாமல் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது.

இதில் ஏமாற்று நிறைய. ஸ்டிக்கரில் 30 என்று இருக்கும், உள்ளே இருபதுதான் இருக்கும். வாங்கியதும் முழுக்க சார்ஜ் செய்து, காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி விட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள். பதினெட்டு மணி நேரம் எரிய வேண்டும். எனக்கு முதலில் வந்தது பதின்மூன்றாவது மணியில் அணைந்துவிட்டது. எழுதி வைத்த நேரத்தோடு கடைக்குப் போய் நின்றதும் பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

கை வேலை தெரிந்தவர், அல்லது தெரிந்த எலெக்ட்ரீஷியன் இருக்கிறார் என்றால் என் ஓட்டு இதற்கே. ஒயரைப் பார்த்தாலே கலவரம் என்பவர்களுக்குப் பவர் ஸ்டேஷன்.

தோளில் சுமந்து நடக்கிறவர்களுக்கு இரண்டுமே கனம். அவர்களுக்கென்றே சிபேப் பேட்டரிகள் உண்டு. மெடிஸ்ட்ராம் பைலட்-24 லைட் அந்த ரகம். 95 வாட்-ஹவர், முக்கால் கிலோகூட இல்லை, நேராக 24 வோல்ட் தரும். ஹீட்டர் இல்லாமல் ஓர் இரவு தாங்கும், ஹீட்டர் போட்டால் நள்ளிரவைத் தாண்டாது. நூறு வாட்-ஹவருக்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம். வாட்-ஹவருக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். எங்கள் கூட்டம் ஜீப் போகிற இடத்தில்தான் கூடாரம் அடிக்கும் என்பதால் எனக்கு இது தேவைப்படவில்லை.

"20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருக்கே, அது போதாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த இருபதாயிரம், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 74 வாட்-ஹவர், 24 வோல்ட்டாக ஏற்றுவதற்குள் அதிலும் சேதாரம். ஏர்சென்ஸுக்கு விடிகாலையில் கைவிட்டுவிடும். ரெஸ்மெட் ஏர்மினி மாதிரி 300 கிராம் பயண மெஷினுக்கு ஒருவேளை ஒப்பேறலாம். அதன் அடாப்டரே 20 வாட்தான், தண்ணீர்த் தொட்டியே கிடையாது. ஆனால் அதற்கு ஒத்து வருகிற மாஸ்க்குகள் சிலதான், வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு மெஷின் வைத்துக்கொள்ள வசதியும் வேண்டும்.

சோலார் பேனல் பேட்டரிக்கு மாற்று அல்ல, துணை. 100 வாட் மடிப்புப் பேனல் சமவெளி வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட்-ஹவர் வரை கொடுக்கும். கொடைக்கானல் மூட்டத்தில் எனக்கு நாள் முழுக்கக் கிடைத்தது 90. ஹீட்டர் போடுகிறவருக்கு அது பாதி ராத்திரிக்குக்கூடக் காணாது. போடாத எனக்கு அன்றைய கணக்கு நேராகி, இருபது மிச்சமும் இருந்தது. மூன்று ராத்திரிக்கு மேல் தங்குவதாக இருந்தால் மட்டும் பேனலைத் தூக்குங்கள். ஜெனரேட்டர் வேண்டாம். சத்தம், புகை, கூடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வேறு.

ஒரு ராத்திரிதானே, மெஷின் இல்லாமல் படுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மெஷினை விட்ட முதல் ராத்திரியிலேயே மூச்சுத் தடை திரும்ப ஆரம்பித்துவிடும். கேம்ப் ஃபயர் பக்கத்தில் ஒரு பெக் போட்டிருந்தால் இன்னும் மோசம். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டப் போகிறவர் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். லடாக் கனவு உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏர்சென்ஸ் 10 வேலை செய்கிற உயரம் 2,591 மீட்டர் வரை என்று அதன் மேனுவலே சொல்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் அதற்குள் அடக்கம். லே 3,500 மீட்டர்.

போன தடவை மூன்று ராத்திரிக்கு நான் எடுத்துப் போனது அந்த 30 ஏஎச் பேட்டரி, கன்வெர்ட்டர், ஒரு ஃபியூஸ் ஒயர். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு முழு ராத்திரி பேட்டரியிலேயே தூங்கிப் பார்த்தேன். திரும்பி வரும்போது பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது. மறந்தது ஒன்றைத்தான். ஜீப்பில் ஏற்றும் முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டவில்லை. முதல் வளைவிலேயே அது சாய்ந்து, நல்லவேளை மோட்டாருக்குள் போகாமல் பக்கத்தில் இருந்தவர் பேண்ட்டில் போனது.